தேவதானத்துச் சிவிங்கித் தோல்

அருள்தாஸ் சார் தவறிவிட்டார் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் நடத்துநர் சொன்னார். "எந்த சார்? அந்தச் சிவிங்கி வாத்தியாரா?" என்று பின்னிருக்கையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இதை எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் அவர் விலங்கியல் ஆசிரியர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, என் பேட்டரிக் கடையில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தவன். அவரோடு நான் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக இப்போது ஒத்துப்போகப் போவதுமில்லை.

எண்பதுகளின் நடுவில், அற்றுப்போன ஒரு விலங்கின் பழைய தோலிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சார் நாளிதழும் கையுமாகக் கடைக்கு வந்தார். நம் நாட்டில் ஒன்றுகூட மிஞ்சாத சிவிங்கியை, அந்த வேட்டைச் சிறுத்தையை, இனித் திரும்பக் கொண்டுவரலாம் என்றார்.

"கொண்டாந்து எங்கன விடுவீரு? புல்லுக்காடெல்லாம் மில்லாயிப் போச்சே" என்றேன்.

"நீரு இடத்தப் பாரும். நான் உயிரப் பாக்கேன்."

தேவதானத்தில் ஒரு பழைய வீட்டுச் சுவரில் சிவிங்கித் தோல் தொங்கியது. ஒரு துண்டு கிடைத்தால் சோதித்துப் பார்ப்பதாக வெளியூர் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டார். சார் வருடக்கணக்கில் நடையாய் நடந்து வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தார். குறித்த நாளில் என்னையும் அழைத்துப் போனார்.

தோல் முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"சார் வாறியன்னு நேத்தே பிளீச்சிங் பவுடர்ல ஊறவச்சு அலசிட்டோம். மோந்து பாருங்க, ஒரு வாடை இருக்கா?" வீட்டுக்காரர் முகமெல்லாம் பெருமை.

துவைகல்லைச் சுற்றி மஞ்சள் மயிர் அப்பிக் கிடந்தது. இனி அந்தத் தோலில் சோதிக்க டி.என்.ஏ. எதுவும் மிஞ்சியிருக்காது என்பது எனக்கே தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் சார் என் கையைப் பிடித்து அழுத்தினார். "ரொம்பச் சிரமப்பட்டிருக்கியளே" என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்தார்.

திரும்பும் வழியில் நான் கத்தினேன். சார், "அவிய மரியாதை செஞ்சாவ. அழுக்கோட தாங்கன்னு நாமதான் சொல்லிருக்கணும்" என்றார். அதன்பின் அவர் வேறு தோல் தேடவில்லை.

தொண்ணூறுகளில் டைனோசர் படம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. "ஒங்க சிவிங்கி எப்ப சார் ரிலீசு?" என்று டீக்கடையில் கேட்டார்கள். சார் பாதிக் கிளாசை வைத்துவிட்டு நடந்தார். அந்தக் கடைப் பக்கம் நான் இன்றும் போவதில்லை.

அற்றுப்போனது திரும்பாது. அதில் என் பேச்சு மாறாது. ஆனால், இடம் பார்க்கும் வேலையை அவர் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். அடக்கம் முடிந்து தேவதானம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். மில் சுவர், அது முடிந்ததும் பிளாட் கற்கள், அதற்கப்பாலும் கற்கள்.

நான் சொன்னதுதான் சரி, சார். இடமில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.