அவளைப் பொய் சொல்ல விடுங்கள்

இந்த நாட்டில் மதியச் சாப்பாட்டு மேசையில் சொந்தக்காரரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. தொலைக்காட்சித் தொடரில் வருகிறவர்களுக்காகச் சண்டை பிடிப்பார்கள். நோர்வேக்கு வந்து ஏழு வருடம். முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை. அவர்கள் கதைப்பதை நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். போன கிழமை திறந்துவிட்டேன்.

கடலை எழுப்பும் மந்திரம் தெரிந்த ஒரு பெண்ணின் கதை. மொழி படித்த முதல் குளிர்காலத்தில், அகராதியோடு மல்லுக்கட்டி நான் வாசித்த தடித்த புத்தகம். நகர வாசலில் காவலன் அவளுடைய தங்கையைப் பிடித்துக்கொண்டு, "இவள் உன் தங்கையா?" என்று கேட்கிறான். மந்திரம் வாயில் வராமல் பயந்து, "இல்லை" என்கிறாள். தனியாக உள்ளே போய்விடுகிறாள். மிச்சப் புத்தகம் முழுக்க அந்த ஒரு சொல்லோடுதான் அலைகிறாள்.

இப்போது அதைத் தொடராக எடுத்திருக்கிறார்கள். காவலன் கேட்டான். அவள் நிமிர்ந்து, "என் தங்கைதான்" என்றாள். கடல் எழும்பிக் காவலரை அள்ளிக்கொண்டு போனது. அவள் செய்ததை யாரைக் கேட்டு அழித்தார்கள்?

மறுநாள் இங்கர் சொன்னாள், "இப்பதான் அவளைப் பிடிக்குது. புத்தகத்தில சரியான கோழை." இங்கர் என்னோடு துணி மடிக்கிறவள்.

"கோழைதான். அப்பிடியே விட்டிருக்கோணும்."

"களைச்சுப்போய் இருந்து பார்க்கிறம். ஒரு நல்லவளைக் காட்டினா உனக்கென்ன நட்டம்?"

"கடலை எழுப்ப ஏலாதவள் என்ன செய்யிறது?"

"உன்ர ஊரும் துறைமுகம்தானே, எழுப்பிப் பாரன்." மேசையே சிரித்தது.

துறைமுகம்தான். யுத்தக் காலம். திருகோணமலை இறங்குதுறையில், மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்கு வரிசையில் நின்றோம், நானும் ஜெயாவும். ஜெயா சித்தியின் மகள். சல்லிக் கிராமத்தில் ஒரே வீட்டில், ஒரே பாயில் வளர்ந்தோம். நான் வெளிநாடு போகவிருந்தேன்; மூதூரில் மாமிக்குப் பயணம் சொல்லப் புறப்பட்டோம். நல்ல உடுப்பு மாற்றிய அவசரத்தில் ஜெயா அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டாள். நேவிக்காரன் அவளைத் தள்ளி நிறுத்தி, என்னைப் பார்த்து, "நங்கித?" என்றான். தங்கச்சியா என்று, சிங்களத்தில். என் கைப்பைக்குள் பாஸ்போட் இருந்தது.

"இல்லை" என்றேன்.

"அக்கா" என்றாள் ஜெயா. நான் லோஞ்சில் ஏறினேன்.

அவளைப் பதினோராம் நாள் விட்டார்கள். ஒன்பதாம் நாளே நான் விமானம் ஏறிவிட்டேன்.

இதை உடைந்த மொழியில் மேசையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இங்கர் மட்டும் கேட்டாள், "கூடப் பிறந்தவளோ?"

"சித்தியின்ர மகள்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அவள் குசீனெ. நீ பொய்யே சொல்லேல்ல."

குசீனெ என்றால் இவர்களுக்குச் சித்தி மகள், மாமி மகள் எல்லாம்தான். முதன்முதல் கேட்டபோது நம்முடைய குசினியை, சமையலறையை, சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சித்தி மகளுக்கு எங்கள் வீட்டில் தங்கச்சியைத் தவிர வேறு சொல் கிடையாது. இங்கர் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நல்ல மனம்தான். ஆனால் தொடர் எடுத்தவர்கள் அந்தப் பெண்ணுக்குச் செய்ததை, பாண் துண்டைக் கடித்தபடி இவள் எனக்குச் செய்துவிட்டாள்.

நேற்று வேலை நேரத்தில் ஜெயா போன் எடுத்தாள். ஊரில் இன்னும் யுத்தம். "அக்கா, சாப்பிட்டீங்களோ?" என்றுதான் எப்போதும் தொடங்குவாள். இறங்குதுறையைப் பற்றி இந்த ஏழு வருடத்தில் ஒரு சொல் கேட்டதில்லை.

"யார்?" என்று இங்கர் படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி கேட்டாள்.

இவர்களுடைய சொல்லைச் சொன்னால் நான் குற்றமில்லாதவள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், "தங்கச்சி" என்றேன், தமிழில்.

இங்கருக்கு விளங்கவில்லை. மறுபக்கத்தில், கதைத்துக்கொண்டிருந்த ஜெயா நிறுத்திவிட்டாள்.