ஏகாதசி மாத்திரை

சிட்லபாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தோத்தாத்ரி தனியாக இருக்கிறார். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்திரையில் நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழலை வைத்தார்கள். டொராண்டோவிலிருந்து மகன் சத்யநாராயணன் ஓடி வந்தான். லீவு முடிந்ததும் திரும்பினான். அதிலிருந்து தினமும் காலையில் போன்.

“மாத்திரை போட்டாச்சாப்பா?”

“ஆச்சுடா.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான். அங்க ராத்திரி ஆச்சு, போய்ப் படு.”

ஏகாதசியன்று மட்டும் “போட்டுக்கறேன்” என்பார். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்ன மாத்திரை. அன்று சாப்பாடே கிடையாதே. மறுநாள் துவாதசிச் சாப்பாடு முடிந்துதான் போடுவார்.

ஏகாதசி உபவாசம் மனைவி ரங்கநாயகியுடையது. அவள் பட்டினி கிடக்க, எதிரே உட்கார்ந்து தயிர்சாதத்தை ஒரு பிடி பிடித்தவர் இவர். அவள் போன பிறகு தானே எடுத்துக்கொண்டார். மற்ற நாட்களில் சமையலறை சும்மா அமைதியாக இருக்கும். ஏகாதசியன்று அந்த அமைதிக்கு ஒரு காரணம் இருந்தது.

தாம்பரத்துக்குச் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் யூனிஸ் கேட்டார்: “மாத்திரையை ஒருநாள்கூட விடலியே சார்?”

“ஏகாதசி தவிர,” என்றார் பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஸ்டென்ட் வைக்கறப்போ குழாயோட உள்தோல் சிராய்ச்சுடும் சார். அது திரும்ப வளர்ந்து கம்பியை மூடணும். அதுவரைக்கும் வெறும் கம்பில ரத்தம் பட்டா உறைஞ்சுடும். அதுக்குத்தான் மாத்திரை.”

“சீக்கிரம் வளர வழி இல்லையா?”

“ஆராய்ச்சில இருக்கு. காயம் ஆற உடம்பே சுரக்கற புரதம் உண்டு, க்ரோத் ஃபேக்டர்னு. அதை ஸ்டென்ட்ல பூசிப் பாக்கறாங்க. வேண்டாத தசையும் சேர்ந்து வளர்ந்து குழாயை அடைச்சுட்டா? அதான் இன்னும் நம்ம கைக்கு வரலை.”

“அப்ப எனக்கு?”

“உங்க உடம்பே மெதுவா வளர்த்துக்கணும். ஏகாதசின்னா கோதுமை உப்புமா சாப்பிடலாமே? எங்க பக்கத்து வீட்டு மாமி வெளுத்துக் கட்டறாங்க.”

“என் வொய்ஃப் தண்ணிகூடத் தொடமாட்டா.”

“அவங்களுக்கு ஸ்டென்ட் இருந்துதா?”

தோத்தாத்ரி மருந்துச் சீட்டை எடுத்து மடித்தார்.

“இன்னொரு தடவை விட்டீங்கன்னா, உங்க பையன் மறுபடி ஃப்ளைட் பிடிக்கவேண்டி வரும்.”

அதைக் கேட்டதும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டது பிறகு பயமாக இருந்தது.

அடுத்த ஏகாதசியன்று காலையில் அடுப்பைப் பற்றவைத்தார். ரவை லேசாக அடிப்பிடித்தது. உப்புமாவை ரங்கநாயகியின் படத்துக்கு எதிரே கொண்டுபோக மனமில்லாமல், சமையலறையிலேயே நின்றபடி தின்றார். இரண்டு மாத்திரைகளையும் விழுங்கினார். போன் வந்தது.

“ஆச்சுடா,” என்றார்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. விரதமும் இல்லாத ஒரு முழுப்பகல் மீதம் இருந்தது.