வாயால் உறிஞ்சிய ஒரு மில்லி

பதினொன்றாம் வகுப்பு முடிந்த மே மாதம், திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கு நடத்திய பத்து நாள் உயிரியல் முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து நான் மட்டும் தேர்வாகியிருந்தேன். வள்ளியூரில் மாமாவுக்கு இதில் விருப்பமில்லை. வெளிநாட்டில் இருந்த வாப்பாவிடம் பேசி உம்மாதான் சம்மதம் வாங்கினாள். ஏதாவது ஒன்றென்றால் அன்றைக்கே வந்து கூட்டிப்போய்விடுவேன் என்று மாமா சொல்லியிருந்தார். அப்படி ஒருமுறை திரும்பினால் கல்லூரிக்கும் வெளியூர் அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதல் நாள் ஆய்வகத்தில் சொன்ன விதிகளை எண் போட்டு எழுதிக்கொண்டேன். நான்காவது: பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது, ரப்பர் குமிழைப் பொருத்தித்தான் எடுக்க வேண்டும். ஐந்தாவது: ரெக்கார்டு நோட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது. அன்று மாலையே தாமிரபரணிக்குப் போய், சாக்கடை வந்து சேரும் இடத்தில் தண்ணீர் எடுத்தோம். அதில் சில சொட்டுகளைச் சத்துக் கரைசலில் விட்டு, கிருமிகள் பெருகட்டும் என்று சூட்டுப்பெட்டியில் வைத்தோம். மூன்றாம் நாள் கரைசல் கலங்கி, அரிசி கழுவிய தண்ணீர் போலிருந்தது.

அதை நீர்க்கச் செய்ய, ஒரு மில்லி எடுத்து அடுத்த குழாயில் இருந்த சுத்தமான தண்ணீரில் விட வேண்டும். எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் ரப்பர் குமிழே கிடையாது. வாயால் உறிஞ்சி, விரலால் அடைத்து, கோட்டில் நிறுத்துவோம். அதில் வகுப்பிலேயே நான்தான் வேகம். மேசைக்கு ஒரு குமிழ்தான் இருந்தது, அது வேறொருத்தியிடம் இருந்தது. என் கை பழக்கப்படி பிப்பெட்டை வாய்க்குக் கொண்டுபோனது. கோட்டைத் தாண்டி, உப்பாக, ஈரல் வேகவைத்த வாடையோடு நாக்கில் பட்டபோதுதான் நான்காவது விதி நினைவுக்கு வந்தது. திடுக்கிட்டதில் விழுங்கிவிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மீதி வேலையை முடித்தேன். பிறகு நோட்டின் பதினொன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டேன். மணி, நாடித்துடிப்பு, வயிறு, காய்ச்சல். முதல் வரிசையில் 11.15 என்று எழுதினேன். நாடி நூற்றுநான்கு. அது கிருமியா பயமா என்று பிரித்தறிய வழியில்லை.

அறைத்தோழி திருநெல்வேலி டவுண்காரி. மதியம் நான் தொடாத சோற்றுத்தட்டைப் பார்த்துவிட்டு, வீட்டு நினைப்பா என்று கேலி செய்தாள். ஆமாம் என்றேன். மணிக்கொரு முறை கட்டத்தை நிரப்பினேன். வயிறு லேசாக இரைந்தால்கூட அதையும் எழுதினேன்.

மறுநாள் காலை, முந்தின நாள் அந்தக் கரைசலைப் பூசிச் சூட்டுப்பெட்டியில் வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்தார்கள். கிருமிகள் அதில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். நேரடியாக எடுத்துப் பூசிய முதல் தட்டில் புள்ளிகளே இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பாலாடை போலப் படர்ந்திருந்தது. பத்து லட்சம் மடங்கு நீர்த்த தட்டில் புள்ளிகளை எண்ணி, பத்து லட்சத்தால் பெருக்கச் சொன்னார் எங்களுக்குப் பொறுப்பாயிருந்த ஆராய்ச்சி மாணவி அக்கா. நான் பெருக்கவில்லை. அந்த முதல் குழாயில் இருந்ததைத்தான் நான் குடித்திருந்தேன்.

மதியம் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தக் கேட்டார்கள். பதினொன்றாம் பக்கத்தைக் கிழிக்கலாம், ஆனால் பக்க எண் காட்டிக்கொடுக்கும். கிழித்த பிறகு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், என்ன ஆனதென்று மருத்துவருக்குச் சொல்ல ஒரு துண்டுத்தாள்கூட இருக்காது. இந்த இரண்டாவது பயம் பெரிதாக இருந்தது. நோட்டைக் கொடுத்துவிட்டேன்.

அக்கா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, பதினொன்றில் நின்றார்.

"இது எந்த சாம்பிள்?"

"நாந்தான்க்கா."

அவர் முகம் வெளிறியது. "ஏன் நேத்தே சொல்லல?"

"வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு."

"செத்துக்கித்துப் போனா மட்டும் எங்கன அனுப்புவோம்ட்டி?"

அதைக் கேட்டதும்தான் அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை வந்தது.

விஷயம் முகாமை நடத்திய பேராசிரியைக்குப் போனது. என் மாமாவின் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார். ஃபோனை எடுப்பதற்கு முன், எல்லோரையும் பார்த்து, பள்ளியில் வாயால் உறிஞ்சுகிறவர்கள் யார் யார் என்று கேட்டார். கூடத்தில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. இங்கே, இந்த மேசைகளில், நேற்று யார் என்றார். கைகள் இறங்கின. என்னுடையது போக ஐந்து இறங்கவில்லை. அதில் ஒன்று என் அறைத்தோழியுடையது.

பேராசிரியை ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டார். ஆறு பேரையும் மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, விழுங்கியதிலிருந்து மூன்று நாள் கவனிக்க வேண்டும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே வர வேண்டும் என்றார். எங்கள் வீடுகளுக்குச் சொன்னார்கள், ஆனால் யாரையும் அனுப்பவில்லை. மாமாவின் எண்ணுக்குப் பதில் உம்மாவின் எண்ணைக் கொடுத்து, நானே பேசினேன். வயிறு வலிக்கிறதா என்று மூன்று முறை கேட்டாள். மாமாவிடம் சொல்லிவிட்டாயா என்று நான் கேட்டதற்கு, "நீ முடிச்சிட்டு வா, பொறவு சொல்லிக்கிடலாம்" என்றாள்.

திரும்பி வரும்போது தோழி என் பக்கத்திலேயே நடந்தாள். கொஞ்சம்தான் விழுங்கியதாகவும், பாதியைத் துப்பிவிட்டதாகவும் சொன்னாள். மூன்று நாளில் இன்னும் இரண்டு மீதியிருந்தன. மரத்தடியில் நின்று தன் நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"ஏட்டி, எனக்கும் ஒரு கட்டம் போட்டுத் தா."