குரங்கு திருப்பிக் கொடுத்த பிஸ்கட்

எங்கள் நைனா எடுத்த கல்யாண வீடியோக்களில் யாரும் சண்டை போட்டதில்லை. அப்பளம் வரவில்லை என்று இலையை மடக்கிய பெரியப்பாக்கள், தாலி கட்டும் நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நாத்தனார்கள், மேடையோரம் மூக்கைக் குடைந்த பையன்கள் என எல்லார் மேலும் ரோஜா இதழ்களைக் கொட்டி மறைத்துவிடுவார். செஞ்சி கடைத்தெருவில், ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஸ்டூடியோ. கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் ரோஜா கொட்டும், இன்னொரு தட்டுக்கு இதயம் பறக்கும். ஒருமுறை மணமகன் காலடியில் தெரிந்த காபி டம்ளரை மறைக்க அரை நாள் உட்கார்ந்திருந்தார்.

நான் நாலாவது படித்த வருஷம் ஒரு டாக்டரம்மா அந்த மாடிக்கு ஏறி வந்தார். ஊர் ஊராகப் போய், பீடி சிகரெட்டை விடச் சொல்லி வீடியோ போட்டுக் காட்டுவது அவர் வேலை. அவரிடம் இருந்த வீடியோவில் கறுத்துப்போன நுரையீரலும், கோட்டு போட்ட ஒருவரும் வந்தார்கள். ஜனங்கள் அதைப் பார்த்து யாருக்கோ பரிதாபப்பட்டுவிட்டு, வெளியே வந்ததும் பற்ற வைத்துக்கொண்டார்களாம். நம்ம ஊர் ஆள், நம்ம ஊர் இடம், நம்ம ஊர் பேச்சு வேண்டும் என்றார். கதையையும் அவரே சொன்னார். பீடி குடிக்கும் ஒருவன் கோட்டைப் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். பீடியை விடுகிறான். ஆறு மாதம் கழித்து, கோட்டை இருக்கும் ராஜகிரி மலைமேல் விறுவிறுவென்று ஏறுகிறான்.

கதாநாயகனாக நைனா என் மாமாவைச் சொன்னார். மாமா அம்மாவுக்குத் தம்பி. செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியதால் அவரைத் தெரியாதவர்கள் அந்த ரோட்டில் கிடையாது. சுருட்டை முடி, நல்ல குரல். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. நெஞ்சு கெட்டுக்கொண்டு வருகிறது, இப்போதே விட்டால்தான் உண்டு என்று விழுப்புரம் ஆஸ்பத்திரி வரை போய்க் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மா திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், மூன்று நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். "நாளையிலேர்ந்து விட்டுடறேன்க்கா" என்பார் மாமா. அந்த நாளை வரவே இல்லை.

எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, தினமும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை ஓடும் மாமா, அந்த வருஷம் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதுதான். "நீ கனமாயிட்ட பாப்பா" என்றார். நான் அதை நம்பி இரண்டு நாள் அரை வயிறு சாப்பிட்டேன்.

டாக்டரம்மாவிடம் மாமா, "பீடியா? அத உட்டு மூணு மாசம் ஆவுது மேடம்" என்று கூசாமல் சொன்னார். நைனா காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு விடியற்காலையில் கோட்டைக்குப் போனோம். முதல் காட்சி ஒரே தடவையில் முடிந்தது. நாற்பது படி ஏறியதும் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், வேர்த்தார், வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கெஞ்சினேன்.

வம்பு இரண்டாவது காட்சியில் வந்தது. விறுவிறுவென்று ஏற வேண்டிய ஆள் எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆனது. நைனா தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மச்சான், ஏற வாணாம். எறங்கு. மலையப் பாத்த மாதிரியே பின்னாலயே எறங்கிட்டு வா. நான் அத திருப்பிப் போட்டுடறேன். ஏர்ற மாதிரி இருக்கும்."

அப்படித்தான் எடுத்தோம். முதுகைக் காட்டிக்கொண்டு மாமா ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினார். நான் கீழே நின்று, "வலது கால் மாமா, இன்னும் ஒண்ணு, அங்க பள்ளம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மாள் பிஸ்கட் பொட்டலத்தோடு படியிறங்கி வந்தார். எங்கிருந்தோ ஒரு குரங்கு பாய்ந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அந்தக் கோட்டையில் இது அன்றாடம் நடப்பதுதான். நாங்கள் யாரும் நிறுத்தவில்லை.

ஸ்டூடியோவில் நைனா அதைத் திருப்பி ஓட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். மாமா சிங்கம் மாதிரி ஏறினார். ஆனால் ஒரு ஓரத்தில் குரங்கு பின்பக்கமாக ஓடி வந்து, பிஸ்கட்டை அந்த அம்மாளிடம் மரியாதையாக ஒப்படைத்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு பின்னோக்கி மலையேறினார்.

"நைனா, கொரங்கு!" என்றேன்.

"சரி சரி, போய்த் தண்ணி கொண்டா" என்றார். நான் சொம்போடு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

ஆடி மாதம், அவலூர்பேட்டை சந்தை நாள். கல்யாண மண்டபத்தில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் திரை கட்டியிருந்தார்கள். சந்தைக்கு வந்த கூட்டம் நிழலுக்காகவும் டீக்காகவும் உள்ளே வந்து உட்கார்ந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசையில் இருந்தார். வீடியோ முடிந்ததும் அவர் பேசுவதாக ஏற்பாடு. மூச்சு வாங்கும் காட்சியில் கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு மாமா மலையேறினார். குரங்கு வந்தது.

"யோவ், கொரங்கு திருப்பிக் குடுக்குதுய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பில் ஒரு குழந்தை பயந்து அழுதது. டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். வெங்காயம் விற்கும் ஒரு அம்மாள் எழுந்து நின்றார்.

"ஏம்ப்பா ஆட்டோ, நெசமா சொல்லு. நீ ஏறுனியா, எறங்குனியா?"

நைனா காமிராப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மாமா எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். ஏதாவது நடித்துச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"ஏறலம்மா" என்றார். "நாப்பது படிதான். அதுக்கு மேல மூச்சு நிக்குது. அது நடிப்பில்ல." பாக்கெட்டிலிருந்து பீடிக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இன்னும் குடிக்கிறேன். காணும் பொங்கலுக்குக் கோட்டைக்கு வாங்க. முன்னால பாத்து ஏர்றேன்."

சிரித்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்து, டாக்டரம்மாவிடம் பீடியை விடுகிறவர்களாகத் தங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

அதன்பிறகு அந்த ரோட்டில் மாமாவுக்குப் பீடி கிடைக்கவில்லை. பெட்டிக்கடைக்காரர்கள் கடலை மிட்டாயை நீட்டினார்கள். ஆட்டோவில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இன்னா, இன்னைக்கி எத்தினி படி?" டாக்டரம்மா கொடுத்த சூயிங்கம்மை மென்றுகொண்டு, எரிந்து விழுந்துகொண்டு, தினமும் காலையில் கோட்டைக்குப் போனார். நாற்பது அறுபதானது, நூறானது. ஐப்பசி மழையில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் கையில் பீடியைப் பார்த்துவிட்டு நைனாவிடம் ஓடினேன். நைனா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவரும் மாமாவோடு படியேறப் போனார்.

அந்த ஆறு மாதமும் எனக்கு நைனாமேல் கோபம். பள்ளிக்கூடத்தில் என்னை ரிவர்ஸ் வீடியோ என்று கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டார் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நான்தான் குரங்கைக் காட்டினேனே, கேட்டாரா? இரண்டு நாள் அவரோடு பேசாமல்கூட இருந்தேன். மாமாவிடம் அவர் சொன்னதெல்லாம், "கவனிக்கல மச்சான், என் தப்புதான்" என்பது மட்டுமே.

காணும் பொங்கலன்று கோட்டையில் எள் விழ இடமில்லை. அவலூர்பேட்டையிலிருந்தும் வந்திருந்தார்கள், வெங்காயக்கார அம்மாள் உட்பட. மாமா ஏழெட்டு இடத்தில் நின்றார், ஆனால் உட்காரவில்லை. உச்சியில் பாலத்தைத் தாண்டியதும் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். கனமாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. நைனா எடுத்த அந்த வீடியோவில் ரோஜாவும் இல்லை, இதயமும் இல்லை. டாக்டரம்மா பிறகு ஊர் ஊராகப் போட்டுக் காட்டியது அதைத்தான்.

போன மாதம் நைனாவின் பழைய படங்களைப் புதிய டிஸ்கில் ஏற்றிக்கொடுத்தேன். அந்தக் குரங்கு வீடியோவும் இருந்தது. திருத்துவதற்கு முன்னால் எடுத்த படமும் பக்கத்திலேயே இருந்தது. மாமா எட்டிப் பார்த்தார். அவர் இப்போதும் ஆட்டோ ஓட்டுகிறார், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

"உங்க நைனாவுக்கு அன்னிக்கி கண்ணு எங்க போச்சோ. எத்தினி பேரு முன்னால என் மானத்த வாங்கிட்டாரு, பாரு" என்று சிரித்தார்.

"வயசாவுதில்ல மச்சான்" என்றார் நைனா.

அன்றைக்கு அவருக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்து அந்த இடத்தில் நிறுத்தினேன். திருத்தாத படத்தில், படியோரம் யாரோ போட்டுவிட்டுப் போன காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. திருத்திய படத்தில் அது இல்லை. அது இருந்த இடத்தில் கச்சிதமாக ஒரு கைப்பிடி ரோஜா இதழ் கிடந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, ஒரு இதழ்கூடப் படாமல், குரங்கு பிஸ்கட்டை நீட்டிக்கொண்டிருந்தது.