குரங்குக்காக அடைத்த கூரை

என் மனைவி பால்கோவா கிண்டுகிறவள். வீட்டுக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு கொட்டகை உண்டு. காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் பதினொரு மணிக்குத்தான் வெளியே வருவாள். பிறகு குளித்து, தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு கடைகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில், மலையைப் பார்த்த கடைசித் தெரு.

கொட்டகைக்கு முதலில் சிமெண்டு ஷீட்தான் போட்டிருந்தது. பால் கொதிக்கிற ஆவி மேலே போய் முட்டி, ஷீட் வியர்த்து, சொட்டுச் சொட்டாகச் சட்டிக்குள்ளேயே விழும். ஷீட்டில் விரிசல் கண்டபோது புது ஷீட் வாங்கலாம் என்றேன்.

"ஒரு சொட்டு விழுந்தாலும் பால்கோவா மறுநாளே புளிச்சுப் போகுது. ஓடு போடுங்க. ஆவி போக இண்டு இடுக்கு வேணும்ல?" என்றாள்.

நான் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவன். யாராவது எனக்கு யோசனை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும், அதுவும் அந்த யோசனை சரியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, இடித்த வீடுகளின் சாமான் விற்கிற இடத்தில் பழைய சீமை ஓடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டினாள். ணங் என்று கேட்டால் ஒரு பக்கம், பொத்தென்று கேட்டால் மறுபக்கம். ஓட்டின் மேல் தண்ணீர் ஊற்றி, அடியில் ஈரம் கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். சட்டத்தில் மாட்டுகிற முனை உடைந்திருந்தால் அப்படியே தள்ளிவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"என்ன அண்ணாச்சி, உங்க வீட்டம்மா பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்காக!" என்று கடைக்காரர் சிரித்தார்.

"பொண்ணு பாக்கயில கூட இம்புட்டுப் பாக்கலய்யா. பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்," என்றேன். அவளும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஓடு போட்ட பிறகு கொட்டகை அருமையாக இருந்தது. புகையும் ஆவியும் ஓடுகளுக்கு இடையே புகுந்து வெளியே போவதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். மூன்றாவது வாரம் குரங்குகள் வந்தன.

மலையில் தண்ணீர் வற்றினால் அவை எங்கள் தெருவுக்குத்தான் வரும். ஓட்டைப் பிரித்துப் போடுவது அவற்றுக்கு விளையாட்டு. ஒருநாள் ஒரு ஓடு பெயர்ந்து, அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து உடைந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எங்கள் தெருவில் ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. ஓட்டுக்கு ஓடு சிமெண்டுச் சாந்து வைத்துப் பூசிவிடுவார்கள். குரங்கு தலைகீழாக நின்றாலும் பெயர்க்க முடியாது. படுத்து எழுந்திருக்கிற வீட்டுக்கு அது சரி.

அவள் வேண்டாம் என்றாள். "அடைச்சிட்டா பொறவு ஓடு எதுக்குங்க? ஷீட்டே இருந்திருக்கலாமே." கொத்தனாரும் ஏணியில் நின்றபடி, "உள்ள அடுப்பு எரியுதே அண்ணாச்சி, முகட்டுல செத்த எடம் விடவா?" என்று கேட்டார்.

"விட்டா அதுக்குள்ள கைய விடும். பூரா அடையும்," என்றேன்.

அடைத்தாயிற்று. மறுநாளே கொட்டகைக்குள் புகை மண்டியது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. விறகை நிறுத்திவிட்டுக் கரி மூட்டைகளை வாங்கிப் போட்டேன். கரியில் புகை வராது. கண்ணுக்குப் புகை தெரியவில்லை, ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்று தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. சாரல் சட்டிக்குள் அடிக்கிறது என்று அவள் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாள். அப்போதுதான் தலைவலி ஆரம்பித்தது. முதலில் தைலம் தேய்த்தாள். பிறகு வாந்தி. கொட்டகை அடுப்படியிலேயே சுருண்டு கிடந்த எங்கள் பூனை, இப்போது மழையில் நனைந்தாலும் நனையும், உள்ளே போகாது. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அடி பிடிக்க விடாதவள், ஒரே வாரத்தில் இரண்டு சட்டிப் பாலைக் கருக விட்டாள். கேட்டால், கிண்டுகிற துடுப்பைக் கையில் பிடித்தபடியே எங்கேயோ போய்விட்டு வந்த மாதிரி இருந்தது என்றாள்.

"பஸ்ல ஏறி உக்காந்தா வலி தானா விட்டுப் போகுதுங்க. அதான் என்னன்னு தெரியல," என்றாள் ஒருநாள்.

"வேலைன்னா தலைவலி, ஊர் சுத்துனா சரியாயிருமோ? நல்ல நோவுதாண்டி!" என்றேன்.

நான் சொன்னதிலேயே அத்தனை தகவலும் இருந்தது. என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முன்வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குப் பால் கருகுகிற வாடை வந்தது. "ஏட்டி, அடி பிடிக்குது!" என்று கத்தினேன். சத்தமில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துடுப்பு மடியில் கிடந்தது. கன்னமெல்லாம் நல்ல சிவப்பு, கல்யாணத்தன்று இருந்த மாதிரி. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டக்கூடச் செய்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எனக்கே முழங்கால் துவண்டது, காதுக்குள் இரைந்தது. எப்படி இழுத்து வந்தேன் என்று தெரியாது. முற்றத்து மழையில் அவளைக் கிடத்திவிட்டுத் தெருவைப் பார்த்து அலறினேன்.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு முகமூடி மாட்டினார்கள். சாயங்காலம் கண் திறந்தாள். யார் என்று தெரியாத மாதிரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தெரிந்துகொண்டாள்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். "கரி அடுப்புலேருந்து வர்ற விஷக் காத்தும்மா. கண்ணுக்கும் தெரியாது, வாடையும் இருக்காது. இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா உங்களைக் காப்பாத்தியிருக்க முடியாது. ஓட்டுக் கூரைன்னு சொல்றீங்க, காத்து எப்படிப் போகாம இருக்கும்? யாரு அடைச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கலாம் என்றுதான் இருந்தேன்.

அவள் முகமூடியைக் கையால் விலக்கினாள். குரல் சரியாக எழும்பவில்லை. "நாந்தான் டாக்டரம்மா அடைக்கச் சொன்னேன். அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ. நாந்தான் கேக்கல."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுக்காரர் சொல்றதைக் கேக்க மாட்டீங்களா? படிக்கலைன்னாலும் இதுகூடவா தெரியாது?" என்று அவளைத் திட்டத் தொடங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

திட்டி முடித்துவிட்டு, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார்," என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.