கொடுத்து வைத்தவள்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில், பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவளுக்கு வலிப்பு நோய் உண்டென்பது யாருக்கும் தெரியாது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியதில் மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. ஆனாலும் எங்கே விழுந்து மானம் போகுமோ என்ற பயம் விடவில்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் தலைவலி என்று மறுத்தாள். நாளடைவில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

துணி மடிக்கும் மேசைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். தனக்கு அடிக்கடி வலிப்பு வரும், வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள் என்று வந்த அன்றே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு கட்டிங் மாஸ்டரின் தொப்பையைக் கிண்டலடித்தாள். ஒரே வாரத்தில் கூடமே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

காஜாக்காரிக்கு வயிறு எரிந்தது. சூப்பர்வைசரிடம் போய், அவளுக்கு இங்கே ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள இங்கே போட்டியே நடக்கிறது, உனக்கென்ன கவலை என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் புதியவள் வலிப்பு வந்து சரிந்தாள். ஒருத்தி தலைக்கடியில் துணியை வைத்தாள், இன்னொருத்தி பக்கவாட்டில் திருப்பினாள். யாரும் பதறவில்லை. விழித்தவள், என் முட்டையை யார் எடுத்தது என்று குழறினாள். எல்லோரும் சிரித்தார்கள். தான் விழுந்த நாட்களில் அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தியது காஜாக்காரிக்கு நினைவு வந்தது.

மற்றவர்கள் வேலைக்குத் திரும்பியதும் காஜாக்காரி அவள் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கும் இருக்கு. மூணு வருஷமா வரல."

படுத்திருந்தவளின் முகம் மாறியது. "ஒரு தடவகூடவா?"

"இல்ல."

"கொடுத்து வச்சவ நீ. எனக்கு எந்த மாத்திரையும் கேக்கல. குளிக்கப் போனா தாழ் போட விடமாட்டாங்க. அக்கா குழந்தைய நின்னுக்கிட்டுத் தூக்கினதே இல்ல. உன் மூணு வருஷம் எனக்குக் கெடச்சிருந்தா..." முடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் குரலில் இருந்த எரிச்சல் காஜாக்காரிக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

சில நாட்களில் தன் நோயை மற்றவர்களிடமும் சொல்லிவிட்டாள். இப்போது புதியவளின் மேசையில்தான் சாப்பிடுகிறாள். பொறாமை தீரவில்லை. அவள் ஏதாவது சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது இவளுக்கு இன்னும் சுருக்கென்கிறது. ஆனாலும் எழுந்து போவதில்லை.