ஆர்லிஸ் கேட்ட இரண்டாவது வாசல்

ஆர்லிஸ் ஒரு பண்ணைக்குச் சோதனைக்கு வந்தால் முதலில் கோழியைப் பார்க்கமாட்டாள். கொட்டகைக்கு வெளியே, கோழிகள் வந்துபோகிற சின்ன வாசலுக்கு முன்னால் மண்டியிட்டுத் தரையைத் தடவிப் பார்ப்பாள். அங்கே புல் இருந்தால் அவள் முகம் மாறிவிடும். நிஜமாகவே கோழி வெளியே வருகிற இடத்தில் புல் எப்படி நிற்கும்? கொத்திக் கிளறி மொட்டைத் தரையாக்கி வைத்திருக்காதா? உள்ளே இருப்பவர் என்ன கதை அளந்தாலும் அவளுக்கு அந்த மண் போதும்.

மேற்கு விஸ்கான்சினில் எங்கள் பள்ளத்தாக்குகளில் இயற்கை முறையில் ஆடு, மாடு, கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் அவளுடைய பழைய நீல டிரக் தெரியும். பின்னால் இரண்டு ஜோடி பூட்ஸ், ஒரு வாளி பிளீச்சிங் தண்ணீர். ஒரு பண்ணையின் நோயை அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவுவாள். இன்னொரு பிடிவாதமும் உண்டு. அறிக்கை எழுதி முடிக்காமல் யார் வீட்டிலும் காப்பி குடிக்கமாட்டாள். "குடிச்சிட்டா கை தளந்துடும்" என்பாள். எங்கள் வீட்டில் மட்டும் வந்ததுமே குடிப்பாள்.

காரணம் பழையது. எழுபத்தாறு பிப்ரவரியில் அவளுடைய மாட்டுக்கொட்டகை எரிந்துபோனது. முப்பது மாடுகளையும் என் கொட்டகைக்கு ஓட்டிவந்து, என் மாடுகளோடு சேர்த்து மூன்று வாரம் நானும் என் மனைவி வயோலாவும் பால் கறந்தோம். யாராயிருந்தாலும் செய்திருப்பார்கள். ஆனால் ஆர்லிஸ் மறக்கிறவள் இல்லை. அவள் மறந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது என்று வயோலா சொல்வாள். அது தவறு. வருவதில் ஒன்றும் அவசரமில்லை, போவதுதான் தாமதம். இந்த விஷயத்தில் வந்த கோபம் இன்னும் போகவில்லை. யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பத்தெட்டில் எங்கள் விவசாயிகள் சங்கம் ஒரு முத்திரை கொண்டுவரத் தீர்மானித்தது. முட்டைப் பெட்டியிலும் இறைச்சிப் பொட்டலத்திலும் 'இயற்கை முறையில் வளர்த்தது' என்று ஒட்டலாம். எது இயற்கை முறை, எது இல்லை என்பதற்கு விதி வேண்டும் அல்லவா? ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். அதில் ஆர்லிஸும் நானும் இருந்தோம். தலைவர் கெர்மிட். பன்றி வளர்ப்பவர், யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். அந்தக் குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைகளில் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடினோம். ஆர்லிஸ் உருளைக்கிழங்கு மாவில் சுட்ட லெஃப்ஸா ரொட்டியைத் தட்டு நிறையக் கொண்டுவருவாள். தின்றுகொண்டே சண்டை போடுவோம். குடற்புழு மருந்துக்கு மட்டும் மூன்று செவ்வாய் போயிற்று.

கோழி விதி வந்த அன்று அவள் நோட்டைத் திறந்து வாசித்தாள். "எரநூறு கோழிக்கு ஒரு வாசல். கொட்டகைல எந்த மூலைல நின்னாலும் கோழி கண்ணுக்கு வாசல் தெரியணும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா ஆர்லிஸ், நாமென்ன திருட்டுப் பசங்களா? டேப்ப எடுத்துக்கிட்டு ஒருத்தன் கொட்டகைய ஒருத்தன் அளக்கறதா? கல்யாணத்துக்கு வந்தவன் எத்தன ரொட்டி தின்னான்னு எண்ணுற மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டால் எங்கள் கூட்டத்தில் பாதி ஜெயித்தாயிற்று. கெர்மிட் தலையாட்டினார். "செல்மர் சொல்றதுல ஞாயம் இருக்கு. நம்ம ஆளுங்கள நமக்குத் தெரியாதா?"

"நமக்குத் தெரியும். நம்மளத் தெரியாத ஒருத்தன் நாளைக்கு இத வாசிப்பான்" என்றாள் ஆர்லிஸ்.

"வாசிக்கட்டும். கோழிய வெளிய விடுன்னா விடப்போறான். இதுக்குக் கணக்கு வாத்தியாரா வேணும்?" என்றேன். மறுபடி சிரிப்பு.

நான்குக்கு ஒன்று என்று அவள் தோற்றாள். 'கோழிகள் வெளியே செல்ல வழி இருக்க வேண்டும்' என்று எழுதினோம். எண் கிடையாது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். என்னிடம் நானூறு கோழிகள். கொட்டகை, என் தாத்தா கட்டிய தொழுவத்தின் அடிப்பகுதி. இரண்டடி தடிமன் சுண்ணாம்புக்கல் சுவர். அதில் ஒரே வாசல். அவள் சொன்ன எண் விதியாகியிருந்தால் நான் அந்தக் கல்லைக் குடைந்து இரண்டாவது வாசல் வைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளுக்குச் சோம்பிப்போய்த்தான் நம்பிக்கை, நியாயம், அக்கம்பக்கம் என்று பிரசங்கம் செய்தேன்.

விதி எழுதிய கையோடு சோதனை வேலையையும் ஆர்லிஸிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருடமும் மே மாதம் என் பண்ணைக்கு வருவாள். காப்பி குடிப்பாள். கொட்டகைக்குள் போய், வாசலுக்கு எதிர் மூலையில் இருக்கிற கோழிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவை வெளியே வருவதே இல்லை என்பது எனக்கும் தெரியும். வாசலுக்குப் பக்கத்தில் நாலு அடாவடிக் கோழிகள் நின்றுகொண்டு வருவதையெல்லாம் கொத்தி விரட்டும்.

"செல்மர், ரெண்டாவது வாசல்?"

"அடுத்த வசந்தத்துக்குள்ள வெச்சிடறேன்."

"எந்த நூற்றாண்டு வசந்தம்னு கேட்டு எழுதிக்கோ ஆர்லிஸ்" என்பாள் வயோலா.

ஆர்லிஸ் சிரிக்காமல் குறிப்பில் எழுதுவாள்: 'எதிர் மூலைக் கோழிகள் வெளியே வருவதில்லை. இரண்டாவது வாசல் வைக்கச் சொன்னேன். அடுத்த வசந்தத்துக்குள் வைப்பதாகச் சொன்னார்.' பிறகு கையெழுத்துப் போடுவாள். இப்படிப் பதினோரு வருடம். வேறு யாராவது இப்படி இழுத்தடித்திருந்தால் மூன்றாம் வருடமே முத்திரையைப் பிடுங்கியிருப்பாள். கெர்மிட்டின் பன்றிகளுக்கே ஒருமுறை ஆறு மாதம் நிறுத்திவைத்தவள் அவள்.

தொண்ணூற்றொன்பதில் வெளியூர் முட்டைக் கம்பெனி ஒன்று எங்கள் சங்கத்தின் முத்திரைக்கு விண்ணப்பித்தது. தெற்கே நாற்பது மைல் தள்ளிக் கொட்டகை. ஆர்லிஸுக்கு அப்போது முழங்காலில் அறுவை முடிந்து ஒரு மாதம்தான். டிரக் ஓட்ட முடியாது. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

அவ்வளவு நீளமான கொட்டகையை அதுவரை நான் பார்த்ததில்லை. பதினெட்டாயிரம் கோழிகள். தீவனம் சுத்தம், மருந்து கிடையாது, காகிதங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. மேலாளர் கிரெய்க் மரியாதையான மனிதர், சட்டையில் ஒரு கறை இல்லை. கடைசியில் வெளிவாசலைக் காட்டினார். கொட்டகையின் ஒரு கோடியில், ஒரு சூட்கேஸ் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். அதற்கு முன்னால் வேலி போட்ட ஒரு துண்டு நிலம்.

ஆர்லிஸ் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டாள். தளதளவென்று புல். வாசற்படியை ஒட்டி மஞ்சள் டான்டலியன் பூத்திருந்தது. ஒரு எச்சம் இல்லை, ஒரு இறகு இல்லை.

"இந்தக் கதவத் தொறக்கறதுண்டா?" என்று கேட்டாள்.

"தெனமும் காலைல எட்டு மணிக்குத் தொறக்கறோம் மேடம். பதிவேடு இருக்கு."

"கோழி வெளிய வருதா?"

"வர்றதும் வராததும் அதுங்க இஷ்டம் மேடம். நாங்க வழி விட்டிருக்கோம்."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டாள். முழுதாக ஒரு மணி நேரம். ஒரே ஒரு கோழி தலையை நீட்டியது, வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு உள்ளே போய்விட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். கண்துடைப்பு, பித்தலாட்டம், இவனுக்கெல்லாம் வெட்கமே இல்லையா என்றேன். ஆர்லிஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

'முத்திரை கொடுக்கக் கூடாது' என்று அறிக்கை எழுதினாள். கம்பெனி மறுபரிசீலனை கேட்டது. ஜூனில் அதே கீழ்த்தளம், அதே மேசை. கிரெய்க் ஒரு கோப்போடு வந்தார். முத்திரைக்கு விண்ணப்பித்தவர்கள் யாரும் சங்கத்தின் பழைய அறிக்கைகளைக் கேட்டுப் பார்க்கலாம். அதுவும் நாங்கள் எழுதிய விதிதான்.

"உங்க பதிவுல ஒரு பண்ணை இருக்கு. பேர் வேண்டாம்" என்று ஆரம்பித்தார். "ஒரே வாசல். எதிர் மூலைல இருக்குற கோழி வெளிய வர்றதில்லன்னு ஆய்வாளரே எழுதியிருக்காங்க. ஆனா பதினோரு வருஷமா முத்திரை குடுத்திருக்கீங்க. அதே ஆய்வாளர், அதே கையெழுத்து."

பிறகு வாசித்தார். "அடுத்த வசந்தத்துக்குள் வைப்பதாகச் சொன்னார்." தாளைத் திருப்பினார். "அடுத்த வசந்தத்துக்குள் வைப்பதாகச் சொன்னார்." பதினொன்றையும் நிதானமாக வாசித்தார். குரலில் கிண்டல்கூட இல்லை. பெயர் சொல்லாவிட்டால் என்ன, அந்த அறையில் யாருக்குத் தெரியாது? எல்லோரும் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானூறுக்கு ஒண்ணு போதும், பதினெட்டாயிரத்துக்குப் போதாதுன்னா, எத்தனைக்கு எத்தனைன்னு உங்க விதில எங்க இருக்கு?"

கெர்மிட் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இல்லாததை எங்கே தேடுவது? கடைசியில் மூடிவைத்துவிட்டு ஆர்லிஸிடம் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே ஞாயம்தான் ஆர்லிஸ். இவங்களுக்குக் கூடாதுன்னா அந்தப் பண்ணைக்கும் கூடாதுன்னு எழுது. ரெண்டையும் சேத்தே நிறுத்திடுவோம். எழுதறியா?"

அவள் பேனாவை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அறுபது வயது மனுஷி, பத்து வருடத்துக்கு மேல் ஊர் ஊராக மண்டியிட்டுக் காப்பாற்றிய முத்திரை அந்தப் பேனாமுனையில் இருந்தது. 'எழுது ஆர்லிஸ், என்னுடையதை எடுத்துவிடு' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் முட்டைகள் ஒரு வருடம் முத்திரை இல்லாமல் போயிருக்கும். வயிறு காய்ந்திருக்காது, செத்தும் போயிருக்கமாட்டேன்.

"செல்மர் சொல்லட்டும்" என்றாள்.

எழுந்து நின்றேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நான்... அடுத்த வசந்தத்துக்குள்ள..."

அன்றைக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஆர்லிஸ் பேனாவை மூடினாள். சட்டையில் குத்தியிருந்த சங்கத்தின் வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். லெஃப்ஸா தட்டில் இன்னும் பாதி இருந்தது. அதன்மேல் துணியைப் போட்டு மூடி, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறிப்போனாள். உதவிக்கு எழுந்த கெர்மிட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டாள்.

கம்பெனிக்கு முத்திரை கிடைத்தது. இப்போது கடைக்குப் போனால் அந்தப் பெட்டிகள்தான் தட்டு முழுக்க அடுக்கியிருக்கின்றன. பெட்டியில் புல்வெளியும், அதில் ஒரு கோழி மேய்வதும் படமாக இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆர்லிஸ் தன் பெட்டிகளிலிருந்து முத்திரையைக் கிழித்துவிட்டாள். அவளுடைய இருநூறு கோழிகளின் முட்டைகள் வெறும் பெட்டியில், தெரிந்தவர்களுக்கு மட்டும் போகின்றன.

அந்த ஜூலையில் உளியும் சம்மட்டியும் எடுத்துச் சுவரைக் குடைந்தேன். கை கொப்புளித்தது. வயோலா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் கிண்டல் செய்யாததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்த மே மாதம் புது ஆய்வாளர் வந்தார். அயோவாக்காரர், நல்ல மனிதர், வந்ததும் காப்பி குடித்தார். மண்டியிடவில்லை. இரண்டு வாசல்களையும் பார்த்துவிட்டு, "விதிக்கு ஒண்ணே போதுமே சார். எதுக்கு வீணா கல்ல ஒடச்சீங்க?" என்றார். படிவத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த படிவ அட்டையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் அவர் என்ன தப்பு செய்தார்? என் விதியைத்தான் அவர் வாசித்தார்.

அந்தச் சனிக்கிழமை ஆர்லிஸ் வந்தாள். என்னைப் பார்க்க இல்லை, வயோலாவுக்கு ஒரு கட்டு ரூபார்ப், இனிப்புப் பண்டத்தில் போடுகிற புளிப்புத் தண்டு, கொடுக்க. நான்தான் கெஞ்சிக் கொட்டகைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனேன். பூட்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள். புது வாசலுக்கு முன்னால் அந்த முழங்காலோடு மண்டியிட்டாள். ஒரு புல் இல்லை. கோழிகள் குழி பறித்து மண்குளியல் போட்டுக்கொண்டிருந்தன.

"நல்லாக் கிளறியிருக்கு" என்றாள். கல்லின் உடைந்த விளிம்பை விரலால் தடவினாள். "ஒடைக்க எத்தன நாளாச்சு?"

"ரெண்டு நாள்."

அவள் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தட்டி முடிய வெகுநேரம் ஆனது.

வயோலா சமையலறை மேசையில் மூன்று கோப்பை காப்பி ஊற்றி வைத்திருந்தாள். ஆர்லிஸ் உட்கார்ந்தாள். மழையைப் பற்றி, வயோலாவின் தங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். போகும்போது அவளுடைய கோப்பை ஊற்றியபடியே இருந்தது.